ஓஹியா எலியின் சொந்தபந்தம்

தாராவி 90 அடி சாலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். எலிகளால் பரவும் மழைக்கால லெப்டோ காய்ச்சலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, எலி என்றாலே ஒழிக்க வேண்டிய ஜந்துதானே, அதில் காப்பாற்ற வேண்டிய எலி என்றும் ஒன்று உண்டா என்று கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1896இல் பிளேக் வந்து ஆட்டிப்படைத்த ஊர் இது. 2005 வெள்ளத்துக்குப் பிறகு லெப்டோ எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது தாராவிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாக்கடைப் பெருச்சாளிக்காக நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் காப்பாற்ற வேண்டிய எலி இருக்கிறது. இலங்கையில், ஹப்புத்தளைக்கு மேலே, ஓஹியா ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள மேகம் தவழும் மலைக்காடுகளில் வாழ்கிறது. நம் மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கம் 1911இல் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பு இலங்கை வரைக்கும் போனது. அது முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1929இல், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பிலிப்ஸ்தான் இந்த எலியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சாதாரண எலிகளின் பேரினத்திலேயே சேர்த்து, ஊர்ப்பெயரையும் ஒட்டவைத்தார்.

ஒரு சாண்கூட இல்லாத உடம்பு. முதுகு சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. வால் உடம்பைவிட நீளம். அந்த வாலைத்தான் பார்க்க வேண்டும்: மேல்புறம் கருமை, கீழ்ப்புறம் வெள்ளை, இரண்டும் நுனிவரைக்கும் சேர்ந்தே ஓடும்.

அரை நூற்றாண்டு கழித்து நியூயார்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கை மஸ்ஸர் இதன் மண்டையோட்டையும் பற்களையும் உட்கார்ந்து ஆராய்ந்தார். வீட்டு எலிகளோடு இதைச் சேர்த்தது சரியில்லை என்று 1981இல் தனிப் பேரினமாக்கி, ஸ்ரீலங்காமிஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பேரினத்தில் இந்த ஒரே இனம்தான். இலங்கைக்கு மட்டுமே உரிய கொறிவிலங்குப் பேரினமும் இது ஒன்றுதான்.

என்னை விடாமல் பிடித்திருப்பது இதன் உறவுமுறை. மஸ்ஸரும் அவர் கூட்டாளியும் பின்னால் வகுத்த பட்டியலில் இதற்கு நெருங்கியவை என்று காட்டப்படும் எலிகளெல்லாம் இமயமலைப் பக்கமும் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் பொதிகையிலும் நீலகிரியிலும் ஒன்றுகூட இல்லை. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர்தான், ஆனால் அவருடைய உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும் பர்மாவில் தங்கிவிட்டார்கள், ஊரில் ஒரு நாதி கிடையாது. இந்த எலியும் அப்படித்தான். ஈரக்காடுகள் ஒரு காலத்தில் நெடுகப் பரவியிருந்து, பிறகு நடுவில் வறண்டு அறுந்துபோயிருக்கலாம் என்பது இப்படிப்பட்ட புதிர்களுக்கு அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம். கடல் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் நம் நிலமும் ஒட்டித்தான் இருந்தன. நடுவில் இருந்தவை மாண்டுபோக, தீவின் உச்சிக்குளிரில் இது மட்டும் தங்கிவிட்டது என்று எண்ணிப் பார்க்க எனக்குச் சிலிர்க்கிறது.

அந்த உச்சியையும் நாம் விட்டுவைக்கவில்லை. காப்பிக்காக ஒரு தடவை காட்டை வெட்டினார்கள். 1869இல் வந்த இலைத்துரு நோயில் காப்பி அழிந்ததும் அந்த இடத்தில் தேயிலை வந்தது, மேலும் காடு போனது. அந்த உச்சியிலுள்ள ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. நல்லதுதான். ஆனால் தோட்டங்களுக்கு நடுவே, ஓடையோரங்களில் மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளுக்கு அந்தப் பெருமை எதுவும் கிடையாது. சிறுத்தைக்குக் கிடைக்கிற கேமராவும் காசும் எலிக்குக் கிடைப்பதில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

காடு சுருங்குகிறது என்றதும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் நம் மலையகத் தமிழர் விறகு பொறுக்குவதைக் கைகாட்டுவது சுலபம். எனக்கு அது அடுக்காது. காட்டை வெட்டச் சொன்னவர்கள் அவர்கள் இல்லை. அந்த வீடுகளுக்கு எரிவாயுவைக் கொடுங்கள், ஓடையோரத்து மரங்களைத் தோட்ட நிர்வாகங்கள் கை வைக்காமல் விடட்டும். தாராவி வாசகர் தன் வீட்டில் பொறி வைக்கட்டும், தாராளமாக.