சிரைப்பது சும்மா வேலையா?

மெல்பேர்னில் கேம்பர்வெல் ஞாயிற்றுச் சந்தைக்கோ, சிட்னியில் ரொசெல் சந்தைக்கோ காலையில் நேரத்துக்குப் போனால், பழைய கரண்டிகளுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவில் மடக்கிய கத்தி ஒன்றிரண்டு கிடக்கும். திறந்தால் துரு, பிடியில் வெடிப்பு. எங்கட தாத்தாமார் காலத்துச் சவரக்கத்தி. இரண்டு வருடமாக இவற்றை வாங்கி, மெஷின் இல்லாமல் கையால் சுத்தம் செய்து, தீட்டி, அதாலேயே சேவ் எடுக்கப் பழகி வருகிறேன். இதுவரைக்கும் நாலு கத்தி. இன்னும் தொடக்கக்காரன்தான்.

ஆனாலும் இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு சொல் காரணம். தமிழில் ஒருவரைப் பார்த்து "என்ன சிரைச்சுக்கொண்டு இருந்தனீ?" என்று கேட்டால், பிரயோசனம் இல்லாத வேலை பார்த்தாய் என்று அர்த்தம். படத்தில் வரும், வீட்டிலும் வரும், பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். நாலு கத்தியைக் கையால் சரிசெய்த பிறகு அந்தச் சொல் எனக்கு வாயில் வருகிறதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இவை எங்கிருந்து வந்தன?

இங்கே கிடைப்பவற்றில் அதிகம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்தவை. பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள கழுத்தில் முத்திரை இருக்கும். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டும் என்றது. ஆகவே ஷெஃபீல்ட் கத்தியில் 'இங்கிலாந்து' என்றும் இருந்தால் அது அனேகமாக அதற்குப் பிந்தியது.

இவற்றை அலுமாரிக்குள் தள்ளியது கில்லெட். 1903இல் அந்தக் கம்பனி விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அடுத்த வருடமே 90,000 ரேசருக்கு மேல். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு 35 இலட்சம் ரேசர் போனது. திரும்பி வந்தவர்கள் அதே பழக்கத்தோடு வந்தார்கள்.

சிட்னியில் இந்தக் கத்திக்கு வேறு ஒரு கதையும் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். 1927இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கைத்துப்பாக்கிக்குக் கடும் சட்டம் கொண்டுவந்ததும், சண்டியர் கும்பல்கள் சவரக்கத்தியைக் கையில் எடுத்தன. டார்லிங்ஹர்ஸ்டுக்கு 'ரேசர்ஹர்ஸ்ட்' என்று பத்திரிகை பட்டமே வைத்தது. அந்தக் கும்பல்களின் பெரிய பெயர்கள் டில்லி டிவைன், கேட் லீ என்ற இரண்டு பெண்கள். இன்றைக்கும் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரண்டிலும் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். சந்தையில் வாங்கினால் நன்றாகச் சுற்றிக் கட்டி நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வாங்கும்போது

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகுப் பக்கத் துரு போய்விடும். வாயோரத்தில் குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்ட விளிம்பு பொரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் என்ன விலைக்கும் வேண்டாம்.

பிடி கொம்பிலோ எலும்பிலோ மரத்திலோ இருக்கலாம். பழைய செலுலாய்டு பிடி கெட்டுப்போனால் அமில ஆவி வரும். அது தன் கத்தியையே அரித்துவிடும். பக்கத்துக் கத்தியையும் விடாது. யானைத் தந்தப் பிடிக்கு எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். முதல் கத்திக்கு இரண்டையும் தவிருங்கள்.

துரு எடுத்தல்

யாரோ ஒருவரின் கன்னத்தில் ஓடிய கத்தி அது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு பன்னிங்ஸில் கிடைக்கும் வெட் அண்ட் ட்ரை சாண்ட்பேப்பர். 400 அல்லது 600இல் தொடங்கி 2000 வரை, ஒவ்வொன்றாக, எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். வைன் போத்தல் தக்கையில் தாளைச் சுற்றினால் விரலுக்குப் பாதுகாப்பு. கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் போகாமல், நீளவாக்கில் தேய்க்க வேண்டும். கடைசியில் உலோகப் பாலிஷ்.

சுழலும் மெஷினில் ஐந்து நிமிடத்தில் முடிக்கலாமே என்று கேட்பார்கள். சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லிசு என்பதால் சூடு உடனே ஏறும். 200 பாகை தாண்டினால் உருக்கு பதம் இழக்கத் தொடங்கும். பிறகு என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. கைக்கு அந்தச் சூடு வராது. அதனால்தான் கையால்.

தீட்டுதல்

சமையல் கத்தி தீட்டும்போது சாய்வை நாங்கள் கையால் பிடிக்கிறோம். சவரக்கத்தியில் அந்தச் சாய்வு கத்திக்குள்ளேயே இருக்கிறது. முதுகும் வாயும் இரண்டும் கல்லில் ஒட்டும்படி படுக்க வைத்தால் சுமார் 16, 17 பாகை தானாக வந்துவிடும். செய்தவன் முதுகின் தடிப்பையும் தகட்டின் அகலத்தையும் அப்படிக் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறான். முதன்முதல் இது விளங்கியபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

தண்ணீர் தொட்டுத் தீட்டும் கற்களில் 1000இல் தொடங்கி, 4000, 8000, 12000 என்று போக வேண்டும். கல் தட்டையாக இருக்க வேண்டும். கை அழுத்தக் கூடாது, கத்தியின் பாரமே போதும். வாய் முன்னே போகும்படி தள்ளி, கல்லின் முடிவில் முதுகின் மேல் புரட்டித் திருப்ப வேண்டும். வாயோரத்தில் மார்க்கர் பேனையால் கோடு போட்டுவிட்டு நாலு தரம் தீட்டுங்கள். மை அழியாத இடத்தில் கல் இன்னும் படவில்லை. முதல் கத்திக்கு 1000 கல்லில் மட்டும் எனக்கு மூன்று இரவு போனது.

கடைசியில் தோல்வார். இங்கே திசை மாறும்: முதுகு முன்னே, வாய் பின்னே. ஒவ்வொரு சேவுக்கும் முதல் நாற்பது, ஐம்பது தரம். முகத்தில் வைக்கும்போது சுமார் 30 பாகை சாய்த்து, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தீட்டின மரத்திலேயே பதம் பார்க்கிறது என்று சொல்வார்களே, இங்கே அந்த மரம் நீங்கள்தான். முதலில் கன்னம் மட்டும் போதும். தாடைக்கும் கழுத்துக்கும் அவசரம் இல்லை.

அந்தச் சொல்

இவ்வளவையும் ஊரில் ஒருவர் ஒரு கல்லும் ஒரு வாரும் வைத்துச் செய்தார். அதுவும் அடுத்தவர் தொண்டையில். அவருடைய அடைப்பத்தில், அதுதான் சவரப் பெட்டி, கத்தியோடு சில ஊர்களில் மருந்தும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தியருக்கும் சவரத் தொழிலாளருக்கும் பரியாரி என்ற ஒரே பெயர் வழங்கியது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்தின் பெயரே மருத்துவர். பேறு பார்த்த பெண்கள் மருத்துவச்சிகள். பிள்ளைக்கு மொட்டை போட, மாப்பிள்ளைக்கு முகம் வழிக்க, சாவீட்டில் என்று எல்லாத்துக்கும் அவர் வேண்டும். ஆனால் அவர் கோயிலுக்குள் வரக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளில் அவர்களும் ஒன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அந்தக் கதவைத் திறக்கத்தான்.

என் மகனுக்குப் பதினான்கு வயசு. ஒருநாள் தங்கச்சியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். படத்தில் கேட்டது. ஏசுகிற சொல் என்று தெரியும், சாதிச் சொல் என்று தெரியாது. தமிழ் பேசுகிறானே என்று சந்தோஷப்பட்டுச் சும்மா விடலாம். நான் அவனைக் கல்லுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, மேலே எழுதினதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏனப்பா ஆக்கள் அவையைக் கேவலமா நடத்தினவை? அவைதானே எல்லாருக்கும் செய்தவை?" என்று கேட்டான். அவர்கள் கை தொட்ட வேலை அழுக்கு, அதால் பிழைத்தவர்கள் கீழ் என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள், அதில் எங்கட குடும்பம் மேலே இருந்தது என்றேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அதனால் இந்தக் கைவேலையை அளவுக்கு மிஞ்சிப் புகழவும் மாட்டேன். எனக்கு இது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. அலுத்தால் விட்டுவிடலாம். பிறப்பால் கத்தி கொடுக்கப்பட்டவருக்கு விடும் உரிமை இருக்கவில்லை. அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விமானம் ஏறிய குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன. ஹோம்புஷில் ஒரு கொண்டாட்டத்தில் "ஊரில தாத்தா என்ன தொழில்?" என்று கேட்பது வெறும் விடுப்பு இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். பிள்ளைகள் முன்னால் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்காமல் இருக்கலாம்.

பிள்ளைகளோடு

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தீட்டிய கத்திக்குப் பூட்டு வேண்டும். அவர்கள் பிடியைப் பாலிஷ் பண்ணலாம், முத்திரையைப் பார்த்து எந்த ஊர், எந்தக் காலம் என்று தேடலாம், மார்க்கர் கோடு போடலாம். சேவ் எடுக்கத் தொடங்கும்போது சாதாரண ரேசரே போதும். மகன் பதினெட்டு ஆனதும் நாலில் ஒன்றைக் கேட்டிருக்கிறான். அதுவரைக்கும் அது காய்ந்த இடத்தில், சிறிது பேபி ஓயில் பூசி, என் அலுமாரியில் இருக்கும். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். அங்குள்ள ஈரத்துக்குத் துரு திரும்பி வந்துவிடும்.