மச்சானுக்கும் மச்சானுக்கும் எதற்குப் பத்திரம்?



சென்ற ஆண்டு ஒரு சகோதரி, இத்தா முடிந்த மறு வாரமே நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கணவரும் கணவரின் அக்கா மாப்பிள்ளையும் ஒன்பது வருடம் ஒரு ஜவுளிக்கடை நடத்தினார்கள். கணவர் போட்டது 6 லட்சம். மச்சான் போட்டது 2 லட்சமும், நாள் முழுவதும் கல்லாவில் இருந்த உழைப்பும். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. கணவர் வஃபாத்தான பிறகு, "அந்த 6 லட்சம் நான் கைமாற்றாக வாங்கியது, திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார் மச்சான். அப்படியானால் இன்று கடையில் இருக்கும் சரக்கில் பிள்ளைகளுக்கு எதுவுமே கிடையாதா என்று அந்தச் சகோதரி கேட்டார். (இருவருடைய சம்மதத்தின் பேரில், அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறோம்.)

கூட்டு வியாபாரத்துக்கு நம் நாட்டில் உள்ளது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டும் அதன்படி செல்லும். நிரூபிப்பதில்தான் சிரமம். லாபத்தில் பங்கு வாங்கினார் என்பதால் மட்டும் ஒருவர் பங்குதாரர் ஆகிவிட மாட்டார். கடன் கொடுத்தவரும் லாபத்தில் பங்கு வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இருவருக்கும் இடையே உண்மையில் இருந்த உறவு என்ன என்பதை எல்லாச் சங்கதிகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அந்தச் சகோதரி கணவரின் சிறு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மாதாமாதம் கடையிலிருந்து வந்த தொகை அதில் இருந்தது. ஒரு மாதம் எட்டாயிரம், பெருநாள் மாதம் முப்பதாயிரம், மழைக்காலத்தில் ஒன்றுமில்லை. மச்சானை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டோம்: அது கடன் என்றால், முதல் அப்படியே நிற்க மேலே நீங்கள் கொடுத்து வந்த இந்தப் பணத்துக்குப் பெயர் என்ன? அவர் தொழுகையாளி. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வட்டி கொடுத்ததாக நான் எப்படிச் சொல்வேன், அது பங்குதான்" என்றார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நாங்கள் கருதவில்லை. கடையை ஒற்றை ஆளாய்ச் சுமந்தவருக்கு, நாளாக ஆகக் கடை தன்னுடையது என்றே தோன்றிவிடுகிறது.

பத்திரம் இல்லாத இடத்தில் சட்டம் தானே விதியை வைத்துவிடும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் சமம், நஷ்டமும் சமம். ஷரீஅத்திலோ லாபத்தைப் பேசியபடி பிரிக்கலாம். நஷ்டம் போட்ட முதலின் விகிதப்படிதான். மேலே சொன்ன கடையில் 4 லட்சம் நஷ்டம் வந்திருந்தால், ஷரீஅத் கணக்கில் கணவருக்கு 3 லட்சம், மச்சானுக்கு 1 லட்சம். பத்திரம் இல்லாமல் வழக்குக்குப் போனால் ஆளுக்கு 2 லட்சம். மார்க்கப்படி நடக்க விரும்புகிறவர் அதை எழுதி வைத்தால்தான் சட்டமும் அவருக்குத் துணை நிற்கும். ஒருவர் முதல் போட மற்றவர் உழைக்கும் முளாரபாவுக்கு இது இன்னும் அவசியம். அதில் பண நஷ்டம் முதல் போட்டவருடையது. உழைத்தவருக்குப் போவது உழைப்பு, அவர் கவனக்குறைவாக நடந்திருந்தாலொழிய. ஆனால் எப்படி எழுதினாலும் அது பங்குதாரர்களுக்குள் மட்டும்தான். சரக்குக் கொடுத்த வெளியாள் தன் பாக்கி முழுவதையும் எந்தப் பங்குதாரரிடமிருந்தும் வசூலிக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "லாபமோ நஷ்டமோ, மாதம் பத்தாயிரம் தந்துவிடு" என்று பேசிக்கொண்டு அதைப் பங்கு என்கிறோம். பெயரை மாற்றுவதால் அது ஹலாலாகாது. எழுத வேண்டியது சதவீதம்.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டு, பாக்கி வைத்த வியாபாரி மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. பங்குதாரர் ஒருவர் மற்றவர் மீதும் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் வழக்கு மட்டும் விதிவிலக்கு. இருவர் கூட்டில் ஒருவர் மவுத்தானால் கூட்டு அன்றே முடிகிறது. அன்றிலிருந்து 3 வருடத்துக்குள் வாரிசுகள் கணக்குக் கேட்க வேண்டும். துக்கத்திலும் கூச்சத்திலும் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். கணக்கை முடிக்காமல் மற்றவர் கடையைத் தொடர்ந்து நடத்தினால், அந்தப் பங்குக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ, அந்தப் பங்கினால் விளைந்த லாபமோ, இரண்டில் ஒன்றை வாரிசுகள் கேட்கலாம். வட்டி வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது.

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. நாம் மட்டும் மச்சானிடம் பத்திரம் கேட்டால் மரியாதைக் குறைவு என்கிறோம்.

அந்தக் கடையின் சரக்கை இரண்டு வியாபாரிகளை வைத்து மதிப்பிட்டோம். கடை பாக்கியும் மையித்தின் கடன்களும் போக மிஞ்சிய பங்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கும் மற்ற வாரிசுக்கும் ஃபராயிள் முறைப்படி. மச்சான் தவணையாகத் தந்து வருகிறார். இன்னும் மூன்று தவணை பாக்கி.

கூட்டு வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்காகத் தமிழில் ஒரு பத்திர மாதிரி தயாரித்து வைத்துள்ளோம். போட்ட முதல், லாப சதவீதம், நஷ்டப் பங்கு, யார் கணக்கு எழுதுவது, ஒருவர் மவுத்தானால் எத்தனை நாளில் கணக்கு முடிப்பது ஆகியவற்றுக்கு அதில் இடம் விட்டிருக்கிறோம். முத்திரைத்தாளில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பதிவுக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் செல்ல வேண்டும். மாதிரிப் படிவம் வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. வரும்போது கூட்டாளியையும் அழைத்து வாருங்கள்.