பொட்டுவெடித் துப்பாக்கி ஏன் உடைகிறது?

சிவகாசியிலிருந்து தீபாவளிக்கு வரும் பட்டாசுப் பெட்டியோடு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரோல் கேப்பும் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் சேர்ந்தே வரும். ஒரே நாளில் நூறு தடவை விசையை இழுப்பார்கள். சிமெண்ட் தரையில் நாலு தடவையாவது போடுவார்கள். சில துப்பாக்கி அத்தனையும் தாங்கும். சிலது முதல் தடவை விழும்போதே கைப்பிடி தெறித்துவிடும். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையிடம் "நீதான் உடைத்தாய்" என்பது நியாயமில்லை. குறை பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான்.

பொம்மைகளுக்குப் பயன்படும் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். தனியாக இருந்தால் அது கண்ணாடி மாதிரி: தெளிவாக இருக்கும், அடித்தால் சில்லுச் சில்லாகும். அடியின் வேகமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கீறலின் முனையில் போய்க் குவிகிறது. அந்தக் கீறலைத் தடுக்க ஆளில்லை, மறுமுனைவரை ஓடிவிடுகிறது.

இதற்கு மருந்து ரப்பர். நூறு பங்கில் ஐந்து முதல் பத்துப் பங்கு பாலிபியூட்டடீன் என்ற ரப்பர் போதும். பிளாஸ்டிக் உருவாகும்போதே, அதன் மூலப்பொருளான ஸ்டைரினில் ரப்பரைக் கரைத்துவிடுவார்கள். அப்போதுதான் இரண்டும் வேதிப் பிணைப்பால் ஒட்டும். பிறகு சும்மா கலந்தால் அந்தப் பிடிப்பு வராது. ரப்பர் சில மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாகப் பரவி நிற்கும். தலைமுடியின் தடிமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடி விழுந்ததும் ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் நுண்ணிய வெடிப்புகள் கிளம்பி, அடுத்த உருண்டையில் முட்டி நின்றுவிடும். ஒரே இடத்தைப் பிளந்திருக்க வேண்டிய வேகம் ஆயிரக்கணக்கான இடங்களில் செலவாகிவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ரப்பர் கலந்த துண்டை மெல்ல வளைத்தால், மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். அந்த வெண்மைதான் நுண்வெடிப்புகளின் கூட்டம். ரப்பர் கலக்காத துண்டு வெளுக்க நேரம் தராமல் படக்கென்று ஒடியும்.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐசாட் சோதனை உண்டு. வெட்டுப்போட்ட துண்டை ஊசல் சுத்தியல் ஒன்று அடித்து முறிக்கும். அதற்குச் செலவான ஆற்றலே கணக்கு. சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் இதைப் படிக்கலாம்.

அதிகம் தாங்கட்டும் என்று ரப்பரைக் கூட்டிக்கொண்டே போனால் பொருள் தொளதொளத்துவிடும். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடம், வெயில். தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைக்கும் அதே வெயில், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பாலிபியூட்டடீனின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கும். மொட்டைமாடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த துப்பாக்கி, ரப்பர் கலந்ததாகவே இருந்தாலும், மேல்தோல் மஞ்சளித்து மொறுமொறுப்பாகிவிடும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டிய பிவிசி ஜன்னல் சட்டங்களுக்கு, அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாத அக்ரிலிக் ரப்பரைச் சேர்க்கிறார்கள்.