இறக்க மறுக்கும் உயிரணு

தாயின் கருவறையில் உருவாகும் குழவியின் கைவிரல்கள் தொடக்கத்தில் வாத்தின் பாதம்போல ஒட்டியிருக்கின்றன. இடையிலுள்ள உயிரணுக்கள் உரிய காலத்தில் தாமே மடிவதால்தான் ஐந்து விரல்களும் பிரிகின்றன. முதிர்ந்த இலை உதிர்வதை ஒத்த இவ்வொழுங்கான மடிவுக்கு, உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘அபோப்டோசிஸ்’ என்று 1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் பெயர் சூட்டினர்.

உதிர வேண்டிய இலை உதிர மறுத்தால் என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை தந்தது ‘பி.சி.எல்-2’ என்னும் மரபணு. நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகையான ஃபாலிக்குலர் லிம்ஃபோமாவில், பெரும்பாலான நோயாளிகளிடம், 18-ஆம் குரோமோசோமிலுள்ள இம்மரபணு இடம்பெயர்ந்து 14-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே, நோய் எதிர்ப்புப் புரதங்களை ஆக்கும் பகுதி ஓயாது இயங்குகிறது. அதன் தூண்டுதலால் பி.சி.எல்-2 புரதமும் அளவுமீறி உற்பத்தியாகிறது. சுஜிமோட்டோ, குரோச்சி ஆகியோரின் குழு 1984-இல் இதனைக் கண்டறிந்தது.

உயிரணுக்களைப் பெருகச் செய்வதே புற்றுநோய் மரபணுவின் வேலை என்று அன்று கருதப்பட்டது. ஆனால் இம்மரபணு பெருக்குவதில்லை. சாவைத் தடுக்கிறது என்று 1988-இல் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோர் மெய்ப்பித்தனர். உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவின் வாயிலில் இப்புரதம் காவலனாக நிற்கிறது. உள்ளிருக்கும் சைட்டோகுரோம் வெளிப்பட்டால் உயிரணு தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். காவலன் மிகுந்தால் அது வெளிவராது. பழுதுற்ற உயிரணுக்களும் மடியாமல் தேங்கிவிடும்.

பகைவனை அறிந்ததால் படைக்கலமும் கிடைத்தது. இப்புரதத்தை முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை, ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உயிரணுக்கள் ஒரே வேளையில் திரளாக மடிந்தால் சிறுநீரகம் தாங்காது. ஆதலால் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரங்களில் 400 மில்லிகிராமாக உயர்த்துகின்றனர்.

ஃபாலிக்குலர் லிம்ஃபோமா மெல்ல வளர்வது. பெரும்பாலும் வலி தராதது. கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ தோன்றும் வீக்கம் சில வாரங்களாகியும் வற்றாவிடில், “வலியில்லையே” என்று வாளாவிருத்தல் ஆகாது. எல்லா வீக்கமும் புற்றுநோயன்று. எனினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே.