தண்ணீர்ப்பந்தலும் ஒரு திருப்பெயரும்

அரிய மானிடப் பிறவி எதனாற் பயனுடையதாகும்? நம் தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான், திங்களூர் அப்பூதியடிகளைக் காட்டி இதற்கு விடை அருளுகின்றார்.

அடிகள் திருநாவுக்கரசரை நேரிற் கண்டவரல்லர். எனினும், தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தல் முதலிய அறங்களுக்கெல்லாம் அவர் திருப்பெயரையே இட்டார். வழியில் வந்த அரசர், நும் பெயரை இடாதது ஏன் என்று வினவ, வந்தவர் இன்னாரென்றறியாத அடிகள் சினங்கொண்டார். உண்மை உணர்ந்ததும் அவர் திருவடியில் வீழ்ந்தார். அவருக்கு அமுதளிக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்தான். விருந்தினர் அமுது செய்வது தடைப்படுமே என்று பெற்றோர் அத்துயரையும் மறைத்தனர். அரசரோ அதனை உணர்ந்து, திருப்பதிகம் பாடி அம்மகனை எழுப்பியருளினார்.

தாகத்தோடு வருபவனுக்கு வேண்டுவது நீர், ஈந்தவன் பெயரன்று. "யான் ஈந்தேன்" என்னும் எண்ணம் ஆணவத்தையே வளர்க்கும். தன்னை மறந்து செய்யும் உதவியோ சிவபூசையாகும்.

நம் பொத்தேரியும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊரே. சித்திரை வெயிலில் வழிச்செல்வார்க்கு ஒரு குடம் நீர் வைப்போம். அதன்மேல் நம் பெயர் வேண்டா, ஈசன் அறிவான்.

திருச்சிற்றம்பலம்.