கல்லுக்குள்ளே ஒரு கணக்கு!

கன்னியாகுமரி டூர் போனவங்க எல்லாரும் வள்ளுவர் சிலை முன்னாடி ஒரு 'க்ளிக்' அடிச்சிருப்பீங்க. அதை வடிவமைச்ச சிற்பி யார் தெரியுமா? வை.கணபதி ஸ்தபதி! பிள்ளையார்பட்டியில் 1927-ல் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். ஆனா, காலேஜில் படிச்சது கணக்கு!

அந்தக் கணக்கு சிலையிலும் இருக்கு. பீடம் 38 அடி... அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். சிலை 95 அடி... பொருளும் இன்பமும். ஆக மொத்தம் 133! 1979-ல் அடிக்கல் நாட்டியும், திறப்பு விழா 2000 ஜனவரி 1-ல்தான். 2004-ல் சுனாமி வந்து மோதியும் வள்ளுவர் அசையலையே!

பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் இவர் கைவண்ணம்தான். ஆனா, இவரோட பெரிய சாதனை வேற. அப்பா மகனுக்குச் சொல்லித்தந்த வித்தை, குடும்பத்தோடவே முடிஞ்சுபோகும் அபாயம் இருந்தது. மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் பொறுப்பை 27 வருஷம் சுமந்து, அதைப் பட்டப்படிப்பா உயர்த்தினார். சிற்பப் பரம்பரையில் பிறக்காத பசங்களும் உளி பிடிச்சாங்க!

2011-ல் ஸ்தபதி மறைந்தார். அடுத்த முறை குமரிக்குப் போனா, போஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வள்ளுவரோட இடுப்பைக் கவனிங்க. அவ்வளவு பெரிய கல், லேசா நெளிஞ்சு நிக்கும்!