ஒத்த ஒயரு... ரெண்டு சிக்னலு!

மத்திகிரி பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சுலர் பார்ட்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்!

சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து சாய்ந்தால் கொஞ்சம் டி.வி., கொஞ்சம் எஃப்.எம். வேணும். ட்ரெய்னி சம்பளத்தில் மாசா மாசம் கேபிளுக்குக் காசு கட்ட முடியுமா? அதனால் 'டி.டி. ஃப்ரீ டிஷ்' வாங்கி, ஹவுஸ் ஓனரைக் கெஞ்சி, மொட்டை மாடியில் மாட்டியாச்சு. 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் ப்ளஸ்' என்ற பெயரில் ஆரம்பித்த சேவை இது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், சந்தா கிடையாது. டி.டி. தமிழ், கன்னடத்துக்கு சந்தனா, தெலுங்குக்கு சப்தகிரி... மூணு பாஷையும் பேசுகிற நம்ம ஏரியாவுக்கு வேறென்ன வேணும்?

எஃப்.எம். வேணும்! பெங்களூரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரூமுக்குள் வைத்தால் 101.3-ம் 102.9-ம் கொரகொரங்கும். மாடியில் ஆன்டெனா வைத்தால் தெளிவாகக் கேட்க வாய்ப்பு அதிகம். ஆனா, "அதுக்கு இன்னொரு ஒயர் இழுக்கணும் சார்" என்று ஓனரிடம் சொல்லிப் பாருங்க. "சுவத்துல இன்னொரு ஓட்டையா? ரூமைக் காலி பண்ணிடு தம்பி!"

டென்ஷன் வேண்டாம். இருக்கிற ஒரே ஒயரில் ரெண்டையும் இறக்கிடலாம்.

இடிச்சுக்காதா?

காற்றில் 101.3-ம் 102.9-ம் ஒரே நேரத்தில்தானே வருது? இடிச்சுக்குதா என்ன? அலைவரிசை வேற வேற. அதே கதைதான் ஒயருக்குள்ளேயும். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்புவது 11 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிய சிக்னல். அதை அப்படியே ஒயரில் அனுப்பினால் பாதி வழியிலேயே செத்துப்போகும். அதனால் டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. அதை 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கொடுக்குது. எஃப்.எம். இருப்பதோ 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸில். நடுவில் எவ்வளவு காலி இடம் பாருங்க!

இந்த ரெண்டையும் சேர்க்கும் சின்ன டப்பாவின் பெயர் டைப்ளக்சர். மாடியில் ஒண்ணு, ரூமில் ஒண்ணு. மேலே இருப்பது சேர்க்கும், கீழே இருப்பது பிரிக்கும். அவ்வளவுதான். ஈ.சி.ஈ. படிக்கிற மக்கள் 'ஃப்ரீக்வென்சி டிவிஷன் மல்ட்டிப்ளெக்சிங்' என்று மனப்பாடம் பண்ணுவது இதைத்தான்!

கோட்டை விடுவது எங்கே?

"டப்பாதானே? கேபிள்காரங்க வைக்கிற ஸ்ப்ளிட்டரே போதும்" என்று மாட்டினால் ஆட்டம் குளோஸ். சாதாரண கேபிள் ஸ்ப்ளிட்டர் சுமார் 1000 மெகா ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதைவிடப் பெரிய விஷயம் கரன்ட். அதே ஒயர் வழியாகத்தான் செட்டாப் பாக்ஸ் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் டி.சி. அனுப்புது. அந்த வோல்ட் எஃப்.எம். ஆன்டெனா பக்கம் போனால் வம்பு. மடித்த கம்பி மாதிரி இருக்கும் ஃபோல்டட் டைபோல் ஆன்டெனா டி.சி.க்கு நேரடி ஷார்ட் சர்க்யூட். பாக்ஸ் 'ஷார்ட்' என்று கத்தும், டி.வி.யும் போச்சு!

ஆகவே கடையில் இப்படிக் கேளுங்க: "சாட்டிலைட் பக்கம் டி.சி. போகணும், ஆன்டெனா பக்கம் போகக் கூடாது. அந்த மாதிரி டைப்ளக்சர் கொடுங்க." மேலே, கீழே ரெண்டுக்குமே இதே கண்டிஷன்தான்.

மாட்டலாமா?

* முதலில் டைப்ளக்சர் இல்லாமல் டிஷ்ஷை சரி பண்ணுங்க. நம்ம ஊரிலிருந்து ஃப்ரீ டிஷ் இருக்கும் 93.5 டிகிரி கிழக்கு, தென்கிழக்குத் திசையில் நல்ல உயரத்தில் வரும்.
* டைபோல் நீளம் சுமார் 1.4 மீட்டர். அதன் அகலப்பக்கம் வடமேற்கே பெங்களூரைப் பார்க்கணும். 300 ஓமை 75 ஓம் ஆக்கும் 'பலூன்' டிரான்ஸ்ஃபார்மரை மறக்காதீங்க.
* ஒயர் 75 ஓம் ஆர்.ஜி.6. பாக்ஸை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே இணைப்பைத் தொடணும்.
* ஆன்டெனா சாக்கெட் உள்ள ஸ்டீரியோ செட் வேணும். செல்போன் எஃப்.எம்.முக்கு இது சரிப்படாது.
* மின்கம்பி பக்கத்தில் கம்பம் நட வேண்டாம். இடி மழையில் மாடிக்கே போகாதீங்க.

மாடியில் பழைய டி.வி. ஆன்டெனா துருப்பிடித்துக் கிடக்கா? பெங்களூர் தூர்தர்ஷன் 1981 நவம்பர் 1-ல் ஆரம்பித்த பிறகு, இந்தப் பக்கத்துக்குப் பக்கத்துக் கோபுரம் அதுதான். ஆனால் 2022-க்குள் பிரசார் பாரதி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் பெரும்பாலும் மூடிவிட்டது. அதை நம்பி ஒயர் வாங்காதீங்க. அந்தக் கம்பத்தை மட்டும் ஓனர் சம்மதத்தோடு டைபோலுக்கு எடுத்துக்கலாம்!

சுவரில் ஒரே ஓட்டை. உள்ளே தமிழ், கன்னடம், தெலுங்கு... கூடவே பாட்டு. ஓனருக்கும் நிம்மதி, பாக்கெட்டுக்கும் நிம்மதி!